பாக்கி ஒன்பது கிலோமீட்டர்

நடப்பதற்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்றால் யார் நம்புவார்கள்? இவருக்குக் கொடுத்தார்கள். அதுவும் வேகமாக நடந்ததற்காக இல்லை, நடுவாந்தரமாக நடந்ததற்காக.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் நடைத்தட அலுவலகத்தில் கிடங்குக் குமாஸ்தாவாக இருந்தார். பேனா, காகிதம், ஆணி, வண்ண டப்பா என்று எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிற வேலை. நாடு முழுக்க மக்கள் காலாற நடப்பதற்கென்று தடங்கள் போடும் திட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. கைவிட்ட ரயில் பாதை, வாய்க்கால் கரை, காட்டோரம், குன்றுச் சரிவு என்று துண்டு துண்டாகக் கிடந்த வழிகளையெல்லாம் ஒன்றோடொன்று கோத்து, நாட்டின் ஒரு கோடியில் கிளம்பினால் மறு கோடி வரை வண்டிச் சத்தமே இல்லாமல் நடந்து போய்விடலாம் என்பது கனவு. கனவு கண்டவர்கள் பெரிய மனிதர்கள். ஆனால் வழிகாட்டிப் பலகையில் என்ன எழுதுவது என்று வந்தபோது பெரிய மனிதர்களுக்கே தலை சுற்றிவிட்டது. கிலோமீட்டர் எழுதினால் யாருக்குப் புரிகிறது? ஏற்றத்தில் மூன்று கிலோமீட்டர் வேறு, வாய்க்கால் கரையில் மூன்று கிலோமீட்டர் வேறு. 'ஏரி, நாற்பது நிமிடம்' என்று எழுதிப் பாருங்கள், யாருக்கும் புரியும். சரி, யாருடைய நாற்பது நிமிடம்?

அதற்காக அலுவலகத்திலிருந்து ஆறு பேரை ஒரே குன்றில் ஏற விட்டார்கள். இரண்டு பேர் ஓட்டப்பந்தயம் என்று நினைத்துக்கொண்டு பறந்தார்கள். ஒருவர் பாதி வழியில் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தே விட்டார். நம் ஆள் மூன்றாவதாக வந்தார். மூச்சு வாங்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை, கூட வந்தவர்களைத் திட்டவும் இல்லை. அன்றைய அதிகாரி அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "இவர்தான்யா நம்ம ஜனங்க!" என்றார். அன்றிலிருந்து அவருக்கு நிமிஷக்காரர் என்று பெயர். வீட்டில் வைத்த பெயரைச் சொன்னால் அலுவலகத்தில் பாதிப் பேர் "அது யாரு?" என்று கேட்பார்கள்.

சும்மா நடந்துவிட்டு வருவது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வேலைக்கு இருக்கிற கட்டுப்பாடு கொஞ்சமா? ஓடக்கூடாது. நிற்கக்கூடாது. உட்காரவே கூடாது. பேசலாம், ஆனால் நடந்துகொண்டே பேச வேண்டும். ஒரே துண்டை ஒரு முறை போய், ஒரு முறை திரும்பி, இரண்டையும் பார்த்துத்தான் பலகைக்கு நிமிஷம் எழுத வேண்டும். நடுவில் ஏதாவது தடங்கல் வந்து நின்றுவிட்டால் அந்த நடை செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருமுறை ஓர் ஆட்டுமந்தை குறுக்கே வந்து வழியை அடைத்துக்கொண்டது. முடிக்க இருநூறு அடிதான் பாக்கி. வேறு யாராக இருந்தாலும் குத்துமதிப்பாக ஒன்றை எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். இவர் ஏழு கிலோமீட்டர் திரும்பிப் போய் மறுபடி தொடங்கினார். என்ன மனுஷர் பாருங்கள்!

அப்படி நடந்து நடந்து, அவருடைய வட்டாரத்தில் இருந்த ஆயிரத்து நூற்று நாற்பது கிலோமீட்டர் தடத்திலும் அவர் கால் படாத இடமில்லை என்று ஆயிற்று. எங்கே வேர் தடுக்கும், எங்கே மழைக்குப் பிறகு வழுக்கும், எந்தத் திருப்பத்தில் எல்லோரும் தவறான பக்கம் போவார்கள் என்றெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பாக்கி இருந்தது ஒன்பது கிலோமீட்டர்தான். காட்டோரத் தடத்துக்கும் பக்கத்து வட்டாரத்து ரயில்பாதைத் தடத்துக்கும் நடுவே ஒரு நிலக்காரர் வழிவிட மாட்டேன் என்று ஒன்பது வருஷம் முறுக்கிக்கொண்டு நின்றார். கிலோமீட்டருக்கு ஒரு வருஷம்! போன மாதம் அவர் மனம் இறங்கி, கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த ஒன்பது கிலோமீட்டரும் சேர்ந்தால் நாடு முழுக்க ஒரே தடம். அதன் பலகையில் தன் நிமிஷம் ஏற வேண்டும் என்பதுதான் நிமிஷக்காரருக்கு இருந்த ஒரே ஆசை. வேறு பதவியோ பட்டமோ அவர் கேட்டதில்லை.

இந்த நேரம் பார்த்துத்தானா அவருடைய வலது முட்டி மக்கர் பண்ண வேண்டும்!

உண்மையைச் சொன்னால் முட்டி இரண்டு வருஷமாகவே மக்கர்தான். வைத்தியர் படம் எடுத்துப் பார்த்து, "தேஞ்சு போச்சு. நடங்க, வேணாம்னு சொல்லல. ஆனா வலிச்சா அந்த இடத்துலயே உக்காந்துடணும்" என்றார். உட்காரக்கூடாது என்பதற்காகவே சம்பளம் வாங்குகிற ஆளிடம் போய் இப்படிச் சொன்னால் அவர் என்ன செய்வார்? சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்து கமுக்கமாக இருந்துவிட்டார். வலி மாத்திரையை வயிற்றுக்கு என்று மனைவியிடம் சொன்னார். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிப்பது ஏன் என்றால் செருப்பு வழுக்குகிறது என்றார். மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எதிரே நிற்பவர் கண்ணைச் சுருக்குகிற விதத்தைப் பார்த்தே என்ன கண்ணாடி வேண்டும் என்று சொல்லிவிடுவார். ஆனால் முட்டி அவருடைய இலாகா இல்லையே.

நடையை மட்டும் அவர் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். நிற்காமல், உட்காராமல், விதி எதையும் மீறாமல்தான் நடந்தார். என்ன, கொஞ்சம் மெதுவாக நடந்தார். கடிகாரம் காட்டியதை அப்படியே எழுதினார். அதில் என்ன பொய் இருக்கிறது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். அலுவலகத்திலும் யாரும் கேட்கவில்லை. நிமிஷக்காரர் எழுதினால் அதுதான் நிமிஷம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவியும் மனைவியின் தங்கையும் வழக்கம்போல் வாய்க்கால் கரைத் தடத்தில் நடந்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். தங்கைக்காரி வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்குக் குரல் எப்போதுமே பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

"மாமா! உங்க பலகையில மதகு அம்பது நிமிஷம்னு போட்டிருக்கீங்களே, நாங்க எவ்ளோ நேரத்துல போனோம் தெரியுமா? முப்பத்தஞ்சு! என்னை ஏதாவது போட்டிக்கு அனுப்புங்க மாமா, கப்போட வரேன்!"

நிமிஷக்காரர் அசடு வழியச் சிரித்தார். "நீ ஓடியிருப்ப."

"நானா? இந்த உடம்பை வெச்சுக்கிட்டா? வழியெல்லாம் கதை பேசிக்கிட்டுத்தான் போனோம். அக்காவைக் கேளுங்க. ஏன் அக்கா, கரையைப் புதுசாக் கட்டுறதுக்கு முன்னாடி முப்பத்தஞ்சுன்னுதானே இருந்துச்சு?"

மனைவி காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கணவரின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். கடையில் கண்ணைப் பார்ப்பாரே, அந்த மாதிரி. தங்கை காப்பி குடித்து, இன்னும் இரண்டு தடவை தன் பெருமையைச் சொல்லி, ஒருவழியாகக் கிளம்பிப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து மனைவி எதிரே உட்கார்ந்தார்.

"எந்தக் கால்?"

"என்ன எந்தக் கால்?"

"என்னங்க, என்கிட்டயேவா? முப்பத்தஞ்சு எப்படி அம்பதாகும்? வாய்க்கால் நீண்டுடுச்சா? எந்தக் கால்னு கேக்குறேன்."

குட்டு உடைந்துவிட்டது. இனி என்ன பூசி மெழுகுவது? "வலது. முட்டி" என்றார். "ரெண்டு வருஷமா."

"வயித்துக்குன்னு சொன்ன மாத்திரை?"

"அதுக்குத்தான்."

மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவருக்கே தெரியாது. "ஊருக்கெல்லாம் பலகையில எழுதி வெச்சிருக்கீங்க. பொண்டாட்டிகிட்ட சொல்லத் தோணல, இல்ல? கால் வலிக்குதுன்னு நான் ஒரு கம்பத்தைப் படிச்சுத் தெரிஞ்சுக்கணுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். திட்டினால் தேவலை என்றிருந்தது. ஆனால் மனைவி திட்டவில்லை. வேறு ஏதோ சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். "இன்னைக்கு அந்தப் பலகைகிட்ட ஒருத்தர் சின்னப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்து நின்னார். பொண்ணு மதகைப் பாக்கணும், தண்ணி விழறதைப் பாக்கணும்னு குதிக்குது. அவர் பலகையைப் படிச்சார். போக அம்பது, வர அம்பது, உன்னால முடியாதும்மான்னு சொல்லித் திருப்பிக் கூட்டிக்கிட்டுப் போயிட்டார். அது திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போச்சு. முப்பத்தஞ்சுதாங்க, போங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. உங்களைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடுமேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

நிமிஷக்காரருக்கு முட்டி வலியெல்லாம் எங்கோ போய்விட்டது. இது வேறு வலி. பலகையில் நிமிஷம் கூடினால் யாருக்கு என்ன நஷ்டம், சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் சந்தோஷம்தானே என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். கிளம்பாமலே திரும்பிப் போகிறவர்கள் அவர் கணக்கில் வரவே இல்லை. இந்த இரண்டு வருஷத்தில் எத்தனை பலகை, எத்தனை பேர்!

"இன்ஜினியர் மேடம்கிட்ட சொல்லிட்டா அந்த ஒன்பது கிலோமீட்டர் போச்சு" என்றார்.

"தெரியும்" என்றார் மனைவி. "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்கன்னும் சொல்ல மாட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை அந்த ஆள் மறுபடி வந்தா மட்டும் என்னால சும்மா நிக்க முடியாது."

அன்று முழுக்க அவர் சாப்பிட்டதும் சரியில்லை, பேசியதும் சரியில்லை. இரண்டு தடவை டிவியைப் போட்டார், இரண்டு தடவை அணைத்தார். மாலையில் ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பொறியாளரின் அறையில் போய் நின்றார். அவர்தான் வட்டாரத்துக்கே தலைமை. கெட்டிக்காரப் பெண்மணி, மேசை நிறைய வரைபடம், நடுவில் ஒரு ஆறிப்போன டீ.

"மேடம், நாப்பத்தொரு பலகை தப்பா இருக்கு."

"பெயிண்டர் சொதப்பிட்டாரா?"

"இல்ல மேடம். நான்தான்." காகிதத்தை நீட்டினார். எந்தத் தடம், எந்தக் கம்பம், என்றைக்கு நடந்தது, எல்லாம் இருந்தது. "எனக்கு முட்டி தேஞ்சு போச்சு. ரெண்டு வருஷமா மெதுவாத்தான் நடந்திருக்கேன். அதுக்கு முன்னாடி போட்டதெல்லாம் சரி. இதெல்லாம் வேற யாராவது நடந்து மாத்தணும்."

பொறியாளர் காகிதத்தைப் படித்தார். படிக்கப் படிக்க முகம் சிவந்தது. "நாப்பத்தொண்ணு! ரெண்டு வருஷமா நல்லா இருக்கற மாதிரி நடிச்சிருக்கீங்க!"

"நடிக்கல மேடம். நடந்தேன்."

சிரிக்கக்கூடாது என்று பொறியாளர் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு உண்மையாகவே கோபப்பட்டார். "முதல் மாசமே வந்து சொல்லியிருந்தா நான் என்ன உங்களைத் தூக்கியா எறிஞ்சிருப்பேன்? பலகையை மாத்திடலாம். முட்டியை மாத்த முடியுமா?" அந்த ஒன்பது கிலோமீட்டரை நடக்கச் சொல்லும் உத்தரவு மேசைமேல் கையெழுத்தாகாமல் கிடந்தது. இருவருமே அதைப் பார்த்தார்கள்.

"இதை நான் எப்படி உங்ககிட்ட குடுக்கறது? நீங்களே சொல்லுங்க."

இருபத்திரண்டு வருஷம். எவ்வளவோ சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு தடவை மேடம், மாத்திரை போட்டுக்கொண்டு வேகமாக நடந்துவிடுகிறேன் என்று கெஞ்சியிருக்கலாம். வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"குடுக்காதீங்க மேடம்."

அறையை விட்டு வெளியே வந்தவர் நேராகப் பழைய கிடங்குக்குள் போய், வண்ண டப்பாக்களுக்கு நடுவே நின்று அழுதார். ஐம்பத்து நான்கு வயது ஆள் விசும்பி விசும்பி அழுதால் பார்க்க நன்றாகவா இருக்கும்? நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தார். பார்த்தவன் ஒருவன் இருந்தான். கம்பம் நடுகிறவன், பலகை மாட்டுகிறவன், அலுவலகத்தில் எல்லோரும் அவனை ஆணி என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருஷமாக நிமிஷக்காரரைத் தடத்தின் ஒரு முனையில் இறக்கிவிட்டு, வண்டியில் காத்திருந்து கூட்டிவருவது அவன்தான்.

"என்ன அண்ணே, நாப்பத்தொரு பலகையாமே?" என்றான். "ஒவ்வொண்ணுக்கும் நாலு திருகு. என்மேல உங்களுக்கு என்ன கோபம், சொல்லிடுங்க."

"போடா. நானே நொந்து போயிருக்கேன்."

"எனக்குத் தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"முன்னெல்லாம் நீங்க நடந்துட்டு வர்றதுக்குள்ள வண்டியில ஒரு தூக்கம் போடுவேன். இப்ப ரெண்டு தூக்கம் போட்டுட்டு, பேப்பரையும் படிச்சு முடிச்சிடறேன். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்." கைக்குட்டையை எடுத்து நீட்டினான். அது கிரீஸ் துடைத்த துணி என்று பிறகுதான் தெரிந்தது.

நாற்பத்தொரு பலகைகளையும் பக்கத்து வட்டாரத்திலிருந்து வந்த ஒரு பெண் நடந்து திருத்தினாள். அங்கே நிமிஷம் நடக்கிறவள் அவள்தான். அந்த ஒன்பது கிலோமீட்டரையும் அவளே நடந்தாள். இரண்டரை மணி நேரம் என்று தாள் வந்தது. நிமிஷக்காரரை வரைபடப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். அச்சுக்குப் போகிற பெரிய வரைபடத்தில், நாட்டை இணைக்கிற கடைசித் துண்டின் மேல் 'இரண்டரை மணி' என்று எழுதியது அவர்தான். கொஞ்சம் அதிகமாகவே அழுத்தி எழுதிவிட்டார், அவ்வளவுதான். வாய்க்கால் கரையில் முப்பத்தைந்து என்று ஏறிய அன்று மனைவியிடம் சொன்னார். மனைவி, "நல்லது" என்று மட்டும் சொன்னார்.

கடைசித் துண்டு திறந்து மூன்றாவது ஞாயிறு, மனைவி இரண்டு தண்ணீர் பாட்டிலையும் நாலு ரொட்டித் துண்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "கிளம்புங்க."

"எங்க?"

"எங்கன்னு தெரியாதாக்கும்! வைத்தியர் என்ன சொன்னார்? வலிச்சா உக்காரச் சொன்னார். உக்காரலாம். இப்ப உங்களை யாரு உக்காரக்கூடாதுன்னு சொல்லப்போறாங்க?"

போனார்கள். காட்டோரத்திலிருந்து தடம் மெல்ல இறங்கியது. இருபுறமும் புல் வெட்டியிருந்தார்கள். நிலக்காரரின் வேலியில் புதிதாக ஒரு சின்னக் கதவு, தானாகச் சாத்திக்கொள்கிற மாதிரி. எங்கிருந்தெல்லாமோ வந்த ஜனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள். முதுகில் பெரிய பையோடு ஒரு கூட்டம் பதினோரு நாளாக நடந்து வருகிறதாம். நிமிஷக்காரர் முதலில் பழக்கதோஷத்தில் ஒரே சீராக நடந்தார். மனைவி ஒரு செடியைப் பார்த்து நின்றுவிட்டார். இவர் பத்தடி போய்விட்டுத் திரும்பி வந்து, தானும் நின்றார். செடியைப் பார்த்தார். ஒன்றும் பிரமாதமான செடி இல்லை. ஆனாலும் நின்று பார்த்தார்.

ஐந்து கிலோமீட்டர் வந்திருக்கும். முட்டி குத்தத் தொடங்கியது. சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, "வலிக்குது" என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. மனைவி கையைப் பிடித்துப் பாதையோரத்து மரப்பலகையில் உட்கார வைத்தார். தடத்தில் உட்காருவது அவருக்கு என்னவோ மாதிரி இருந்தது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்றுகூட ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு காலை நீட்டினார். சுகமாக இருந்தது.

எதிரே தடம் ஒரு மேட்டின்மேல் ஏறி, வளைந்து, மறைந்தது. ஊன்றுகோலோடு ஒரு வயதான தம்பதி மூச்சு வாங்கியபடி வந்து நின்றார்கள். கணவர் கேட்டார், "ஐயா, அந்த மேட்டுக்கு அப்புறம் எப்படி? இன்னும் ஏத்தமா, இல்ல இறக்கமா?"

இருபத்திரண்டு வருஷமாக இப்படி யார் கேட்டாலும் நிமிஷக்காரர் நடந்துகொண்டே பதில் சொல்வார். ஏற்றம் எத்தனை, இறக்கம் எத்தனை, வழுக்குகிற கல் எது என்பது வரை சொல்வார். வாயைத் திறந்தார். மேட்டைப் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

"தெரியாதுங்க" என்றார்.

"ஓ, நீங்களும் புதுசா?"

மனைவி சட்டென்று அவர் பக்கம் திரும்பினார். அவருக்குத்தான் பயமாக இருந்தது, இவர் எப்படித் தாங்கப்போகிறாரோ என்று. நிமிஷக்காரருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைக்கு வருமே, அந்த மாதிரி.

"ஆமாங்க, புதுசு" என்றார். "இன்னைக்குத்தான் முதல் தடவை வரேன். நீங்களும் உக்காருங்க, அவசரம் என்ன?" என்று சொல்லி, பலகையில் நகர்ந்து இடம் விட்டார்.

நாலு பேரும் ரொட்டியைப் பங்கு போட்டுத் தின்றார்கள். வலி குறைய எவ்வளவு நேரம் ஆயிற்றோ அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அவரும் மனைவியும் எழுந்து மேட்டைப் பார்த்து நடந்தார்கள்.